ஹெலிகாப்டருக்கு ஓடுபாதை வேண்டாம். அனுமதி ஏன் வேண்டும்?

கேள்வி மூன்று பகுதிகளாக இருக்கிறது. நின்ற இடத்திலிருந்தே எழும்பக்கூடிய ஹெலிகாப்டரை விமான நிலையத்தில் ஏன் விமானத்தைப் போலவே அனுமதிக்குக் காக்க வைக்கிறார்கள்? கட்டுப்பாட்டுக் கோபுரம் அதை எப்படிக் கையாளுகிறது? 2025 ஜனவரியில் வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதியபோது இத்தனை கருவிகள் இருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை?

முதல் கேள்வியின் விடை மற்ற இரண்டுக்கும் வழிகாட்டும். ஜெட் விமானம் ஒன்று இறங்க வரும்போது, அடுத்த ஒரு நிமிடத்தில் அது எங்கே இருக்கும் என்று கோபுரத்தில் இருப்பவர் ஏறக்குறையத் துல்லியமாகச் சொல்லிவிடுவார். ஓடுபாதையின் நேர்க்கோட்டில், மூன்று பாகைச் சரிவில், அதிகம் மாறாத வேகத்தில் அது வந்துகொண்டிருக்கும். ஹெலிகாப்டருக்கு இப்படியொரு கோடு கிடையாது. அது அந்தரத்தில் நிற்கும், நின்றபடியே திரும்பும், பக்கவாட்டில் நகரும், எந்தத் திசையிலும் இறங்கும். ஆகவே நடைமுறைகள் செய்வது இரண்டில் ஒன்றுதான். கோடு இல்லாத ஹெலிகாப்டருக்கு ஒரு கோட்டை வரைந்து கொடுக்கின்றன. அல்லது, எதிரே வருவதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும்படி விமானியின் கண்களிடம் பொறுப்பை ஒப்படைக்கின்றன. இந்த இரண்டாவது வழியை அளவுக்கு மீறி நம்பியிருக்கிறோம் என்பது என் உறுதியான கருத்து. நான் தரும் எண்கள் பெரும்பாலும் அமெரிக்க விதிகளிலிருந்து வருபவை. மற்ற நாடுகளில் சொற்களும் அளவுகளும் சற்று மாறினாலும் அடிப்படை ஒன்றே.

தரையிலிருந்து தொடங்குவோம். சக்கரம் உள்ள ஹெலிகாப்டர் விமானத்தைப் போலவே டாக்ஸி பாதையில், அதாவது நிறுத்துமிடத்தையும் ஓடுபாதையையும் இணைக்கும் வழியில், உருண்டு போகலாம். ராபின்சன் ஆர்44 போன்ற சிறியவற்றுக்குச் சக்கரம் இல்லை, சறுக்குக் கட்டைகள்தான். அவை ஓர் அங்குலம் நகர வேண்டும் என்றாலும் தரையை விட்டு எழும்பியாக வேண்டும். அதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஹோவர் டாக்ஸி என்பது 25 அடிக்கும் கீழே, 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்துக்கும் குறைவாக, டாக்ஸி பாதையின் மேலேயே மெல்ல மிதந்து போவது. ஏர் டாக்ஸி என்பது 100 அடிக்குள் சற்று வேகமாகப் பறந்து நிலையத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவது. வழியையும் வேகத்தையும் விமானியே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் மற்ற விமானங்கள், வண்டிகள், ஆட்கள் இவர்களின் தலைக்கு மேலே போகக் கூடாது. நிலைமை அனுமதித்தால் ஏர் டாக்ஸியே விரும்பத்தக்கது என்று அமெரிக்க விதி சொல்கிறது. புதிதாகக் கேட்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். தாழ்வாக, மெதுவாகப் போவதுதானே பாதுகாப்பு என்று நினைப்பார்கள்.

அப்படி இல்லை. அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டர் தன் எடை முழுவதையும் காற்றைக் கீழே தள்ளியே தாங்குகிறது. அந்தக் காற்று தரையில் மோதி நாலாபக்கமும் விரிகிறது. வேகமாக முன்னேறும் ஹெலிகாப்டர் அந்தக் காற்றைப் பின்னே விட்டுச் செல்கிறது. மெதுவாக மிதப்பது அதைச் சுற்றிலும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. எரிபொருளும் அதற்கே அதிகம் ஆகிறது. அதனால்தான் அந்தரத்தில் நிற்கும் அல்லது மெல்ல மிதந்து செல்லும் ஹெலிகாப்டரிடமிருந்து அதன் சுழலியின் (தலைக்கு மேலே சுழலும் இறக்கைகளின்) விட்டத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்கு விலகி இருங்கள் என்று சிறிய விமானங்களின் விமானிகளுக்கு அறிவுறுத்துகிறார்கள். ஆர்44-க்கு அது 30 மீட்டர். சுழலி விட்டம் 13.8 மீட்டர் உள்ள ஏடபிள்யூ139-க்குச் சுமார் 41 மீட்டர். இந்திய விமானப்படையின் எம்ஐ-17-க்கு 64 மீட்டர். கயிறு கட்டாமல் நிற்கும் செஸ்னா என்ற சிறிய விமானம் ஒன்றின் பக்கத்தில் எம்ஐ-17 வந்து மிதந்தால் அந்தச் செஸ்னாவின் இறக்கை தூக்கிக்கொள்ளும். திறந்து கிடக்கும் கதவு கீலோடு வளையும். தரைக் கட்டுப்பாட்டாளர் ஹெலிகாப்டருக்கு வழி சொல்லும்போது முதலில் பார்ப்பது அந்த வழியின் இருபுறமும் என்ன நிற்கிறது என்பதைத்தான்.

இந்தக் காற்று எவ்வளவு கொடியது என்பதை 2022 மார்ச்சில் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் பார்த்தார்கள். டெரிஃபோர்ட் மருத்துவமனையின் ஹெலிபேடில் கடலோரக் காவல் படையின் எஸ்-92 ஹெலிகாப்டர் நோயாளியோடு இறங்கியது. பக்கத்து வாகன நிறுத்தத்தில் நடந்து போனவர்களைக் காற்று தள்ளி வீழ்த்தியது. 87 வயது மூதாட்டி ஒருவர் இறந்துபோனார். ஹெலிகாப்டரில் எந்தக் கோளாறும் இல்லை. அது ஒழுங்காகத்தான் இறங்கியது. அந்த இடத்தில் கோபுரம் கிடையாது, வாகன நிறுத்தத்தைப் பார்த்து நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. ஹெலிகாப்டர் ஏன் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

எழும்புவதிலும் இறங்குவதிலும் ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. ஓடுபாதை, டாக்ஸி பாதை, ஹெலிபேட் போலக் கோபுரத்தின் பொறுப்பில் உள்ள, கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து கிளம்பினால், விமானத்துக்குச் சொல்வது போலவே முறைப்படி எழும்ப அனுமதி தருவார்கள். தனியார் ஹேங்கர் (விமானக் கொட்டகை) ஒன்றின் பின்முற்றத்திலிருந்தோ, கட்டடம் மறைக்கும் மூலையிலிருந்தோ கிளம்பினால் அந்தச் சொல் வராது. கேட்டபடியே செல்லலாம், கவனம் தேவை என்ற பொருளில்தான் பதில் வரும். அங்கே கம்பி இருக்கிறதா, ஆள் நிற்கிறாரா என்பதைப் பார்க்க வேண்டியவர் விமானி மட்டுமே. கட்டுப்பாட்டாளர் தன்னால் பார்க்க முடியாத இடத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. இது தட்டிக் கழிப்பு அல்ல. யாருடைய கண்கள் எங்கே இருக்கின்றன என்பதை ரேடியோவில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும் நல்ல வழக்கம் இது. பின்னால் வாஷிங்டனைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஹெலிகாப்டர்கள் ஒரே நேரத்தில் இறங்கவோ எழும்பவோ வேண்டுமானால், அவற்றின் இறங்கும் அல்லது எழும்பும் புள்ளிகளுக்கு இடையே 200 அடி இருந்து, வழிகள் குறுக்கிடாமல் இருந்தால் போதும். விமானங்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாத நெருக்கம் இது. ஹெலிகாப்டர் விமானிகள் பெரும்பாலும் காற்றை எதிர்கொண்டே இறங்க விரும்புவார்கள். பின்காற்றில் செங்குத்தாகத் தாழும்போது தான் தள்ளிய காற்றுக்குள் தானே அமிழ்ந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் கோபுரம் காற்றின் திசையையும் வேகத்தையும் சொல்லியாக வேண்டும். ஓடுபாதை எந்தத் திசையில் இருந்தாலும் தன் வசதிப்படி இறங்க ஹெலிகாப்டர் கேட்கும். இடம் இருந்தால் கொடுப்பார்கள்.

நிலையத்தைச் சுற்றி வட்டமிடும்போது சாதாரணச் சிறிய விமானங்கள் தரையிலிருந்து சுமார் 1,000 அடியில் சுற்றும்; ஹெலிகாப்டர்கள் சுமார் 500 அடியில், பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில். விமானங்களின் ஓட்டத்தை ஹெலிகாப்டர் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்காவில் எழுதப்பட்ட சட்டம். மூடுபனி நாட்களிலும் ஹெலிகாப்டருக்குச் சலுகை உண்டு: சிறப்பு அனுமதியோடு பார்வை விதிகளின் கீழ், அதாவது வெளியே கண்ணால் பார்த்தே வழி அறிந்து, பறக்க விமானத்துக்கு ஒரு மைல் தூரமாவது தெரிய வேண்டும், ஹெலிகாப்டருக்கு அந்த வரம்பு இல்லை. அது மெதுவாகப் போகலாம், வேண்டுமானால் நின்றேவிடலாம் என்பதே காரணம்.

இனி மையமான விஷயம். பெரிய நகரங்களில் மருத்துவ, போலீஸ், ராணுவ ஹெலிகாப்டர்கள் விமான நிலையத்தில் இறங்க வருவதைவிட அதைக் கடந்து போவதே அதிகம். இவற்றுக்காகப் பாதைகள் வரைகிறார்கள். எங்கே வரைகிறார்கள்? ஆற்றின் மேலே, நெடுஞ்சாலையின் மேலே. கண்ணால் பார்த்துத் தொடர எளிது, சத்தம் வீடுகளைத் தொந்தரவு செய்யாது, என்ஜின் நின்றுபோனால் யார் தலையிலும் விழாமல் இறங்க இடம் இருக்கும். லண்டனில் தேம்ஸ் ஆற்றை ஒட்டிச் செல்லும் எச்4 பாதை இப்படிப்பட்டது. மூன்றும் நல்ல காரணங்கள். ஆனால் ஆறு எங்கே போகிறதோ பாதையும் அங்கேதான் போகும்; ஓடுபாதையின் முனைக்கு எதிரே போனாலும் போகும்.

அங்கே கணக்கு உதைக்கிறது. மூன்று பாகைச் சரிவில் வரும் விமானம் ஒவ்வொரு கடல் மைலுக்கும் (சுமார் 1.85 கிலோமீட்டர்) சுமார் 320 அடி இறங்குகிறது. ஓடுபாதையின் முனையை 50 அடி உயரத்தில் கடக்கும் விமானம் அதற்கு ஒரு கடல் மைல் முன்னால் ஏறக்குறைய 370 அடியில் இருக்கும். அரை மைல் முன்னால் 210 அடியில். அதற்கும் கீழே ஒரு ஹெலிகாப்டர் நுழைந்து போக வேண்டுமானால், மேலே விமானத்துக்கும் கீழே தண்ணீருக்கும் இடையில் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பார்க்கலாம். இதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் கட்டுப்பாட்டாளர் ஹெலிகாப்டரை வெளியே ஓர் இடத்தில் வட்டமிடச் சொல்லி, இரண்டு விமானங்களுக்கு இடையே இடைவெளி கிடைத்ததும் கடக்க விடுவார். அல்லது இறங்கும் விமானம் தெரிகிறதா என்று கேட்டு, தெரிகிறது என்றால் அதன் பின்னால் கடக்கச் சொல்வார். பின்னால் கடப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து கிளம்பும் சுழல் காற்று மெல்லக் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். ஹெலிகாப்டர் போகும் இடமும் கீழேதான்.

இந்தியாவில் இந்த நெருக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் மும்பையில் உள்ள ஜுஹு என்ற சிறிய விமானத் தளத்துக்குப் போக வேண்டும். கடலில் உள்ள எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பெரிய விமான நிலையத்தின் பிரதான ஓடுபாதையின் மேற்கு முனையிலிருந்து ஜுஹு இரண்டு கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. மேற்கிலிருந்து இறங்க வரும் விமானம் அதன் பக்கத்தில்தான் தாழ்வாகக் கடக்கும். 1972-இல் ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 ஜெட் விமானம் ஒன்று மும்பை நிலையம் என்று நினைத்து ஜுஹுவின் குட்டி ஓடுபாதையில் இறங்கிவிட்டது. அனுபவமுள்ள விமானியின் கண்ணும் ஏமாறும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஜுஹுவிலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டரும் பெரிய நிலையத்தின் கட்டுப்பாட்டு வானத்துக்குள்தான் எழும்புகிறது. இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்ளாமல் அங்கே எதுவும் நகர முடியாது.

இப்போது வாஷிங்டன். ரீகன் தேசிய விமான நிலையம் பொட்டோமாக் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. கிழக்குக் கரையை ஒட்டி ஹெலிகாப்டர் பாதை எண் 4 போகிறது. நிலையத்துக்கு எதிரே அதன் உச்ச வரம்பு 200 அடி. நிலையத்தின் பிரதான ஓடுபாதை எண் 1. அதற்கு வந்துகொண்டிருக்கும் சிறிய ஜெட்டை, இடைவெளி தேவைப்பட்டால், குறுக்கே உள்ள ஓடுபாதை 33-க்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கோபுரம் கேட்பது வழக்கம். ஒப்புக்கொண்ட விமானம் ஆற்றை விட்டு வலப்புறம் விலகி, கிழக்குக் கரைக்கு மேலே போய், இடப்புறம் வளைந்து, ஆற்றைக் கடந்து இறங்கும். அதாவது ஹெலிகாப்டர் பாதையின் மேலேயே வளையும்.

2025 ஜனவரி 29 இரவு, எட்டே முக்கால் மணிக்குச் சற்று மேல், 64 பேருடன் வந்த சிஆர்ஜே700 என்ற சிறிய பயணிகள் ஜெட்டைத்தான் இப்படி 33-க்கு மாற்றியிருந்தார்கள். மூன்று பேருடன் பயிற்சியில் இருந்த ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் பாதை 4-இல் தெற்கே வந்துகொண்டிருந்தது. விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் அன்று ஒரே கட்டுப்பாட்டாளர் பார்த்துக்கொண்டிருந்தார்; ஆனால் இரண்டுக்கும் அலைவரிசை வேறு. அவர் பேசுவது இருவருக்கும் கேட்கும். இருவர் பேசுவதும் ஒருவருக்கொருவர் கேட்காது. மோதலுக்குச் சுமார் இரண்டு நிமிடம் முன்னால், வில்சன் பாலத்துக்குத் தெற்கே 1,200 அடியில் ஒரு சிஆர்ஜே ஓடுபாதை 33-க்கு வருகிறது என்று ஹெலிகாப்டருக்குச் சொன்னார். விமானம் தெரிகிறது, பார்த்து விலகிக்கொள்கிறோம் என்று பதில் வந்தது, அனுமதித்தார்.

நள்ளிரவு போன்ற இருட்டு, கீழே நகரத்தின் ஆயிரம் விளக்குகள், வானத்தில் வரிசையாக இறங்கும் வேறு விமானங்களின் விளக்குகள். ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் இரவுப் பார்வைக் கண்ணாடி அணிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள் புலனாய்வாளர்கள். அவர்கள் பார்த்த விளக்கு எது என்பதைக் கோபுரத்தில் இருப்பவர் உறுதிசெய்துகொள்ள வழியே இல்லை. மோதலுக்கு 20 நொடி முன்னால் சிஆர்ஜே தெரிகிறதா என்று மறுபடியும் கேட்டார். அடுத்து, அதன் பின்னால் கடக்கும்படி சொன்னார். அந்த வாக்கியத்தின் முக்கியமான பகுதி ஹெலிகாப்டரில் கேட்கவே இல்லை. அந்த நேரத்தில் ஹெலிகாப்டரின் மைக் பொத்தான் 0.8 நொடி அழுந்தியிருந்தது; அது அழுந்தியிருக்கும்போது எதிர்ப்பக்கம் பேசுவது கேட்காது. ஒரு நொடிகூட இல்லை. மோதியபோது ஹெலிகாப்டரின் ரேடியோ உயரமானி 278 அடி காட்டியது. 67 பேரும் இறந்தார்கள்.

200 அடி வரம்பை மீறிவிட்டார்களே என்று அன்றைக்கே பலர் தீர்ப்புச் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. விபத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 மார்ச்சில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஹெலிகாப்டர் கரையை ஒட்டிச் சரியாக 200 அடியில் பறந்தாலும், 33-க்கு முறைப்படி இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் இடையே இருந்திருக்கக்கூடியது சுமார் 75 அடிதான். கரையை விட்டு ஆற்றுக்குள் வந்தால் அதுவும் குறையும். பாதைக்கு அகல வரம்பு என்று எதுவும் வரையறுக்கப்படவில்லை. அதே படைப்பிரிவின் ஹெலிகாப்டர்களைப் பறக்கவிட்டுச் சோதித்தபோது, காற்றழுத்த உயரமானி காட்டிய அளவுக்கும் உண்மையான உயரத்துக்கும் 80 முதல் 130 அடி வரை வேறுபாடு தெரிந்தது. இருக்கும் இடைவெளி 75 அடி, கருவி காட்டும் பிழை அதைவிட அதிகம். கோபுரத்தின் ரேடார் திரையோ உயரத்தை நூறு நூறு அடியாகத்தான் காட்டும். இப்படிப்பட்ட இடத்தில் உயரம் என்பது ஒரு பிரிப்பே அல்ல. மிஞ்சியிருந்தது கண்கள் மட்டுமே.

எச்சரிக்கைகளும் இருந்தன. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, ஒரு கடல் மைலுக்கும் குறைவான பக்கவாட்டு இடைவெளியிலும் 400 அடிக்கும் குறைவான உயர இடைவெளியிலும் விமானமும் ஹெலிகாப்டரும் நெருங்கிய நிகழ்வுகள் அந்த நிலையத்தில் 15,214. அவற்றில் 85, பக்கவாட்டில் 1,500 அடிக்கும் உயரத்தில் 200 அடிக்கும் குறைவானவை. இந்தத் தரவு முன்பே இருந்தது. யாராவது உட்கார்ந்து கூட்டியிருந்தால் அந்தப் பாதை அங்கே இருந்திருக்காது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ் என்ன செய்தது என்பது கேள்வியின் கடைசிப் பகுதி. அது வேலை செய்தது, தன் எல்லைக்குள். மோதலுக்கு 19 நொடி முன்னால் விமானி அறையில் பக்கத்தில் வேறு ஊர்தி இருக்கிறது என்று குரல் கொடுத்தது. ஆனால் மேலே ஏறு, கீழே இறங்கு என்ற கட்டளையைத் தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே டிகாஸ் தராது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். தரை பக்கத்தில் இருக்கும்போது இறங்கு என்பது இன்னொரு விபத்துக்கு வழி. இறங்கும் நேரத்தில் தேவையற்ற கூச்சல் விமானிகளைக் குலைக்கும். ஹெலிகாப்டர்கள் வாழ்வதே அந்த 1,000 அடிக்குள்தான். தன் இருப்பிடத்தைச் சுற்றிலும் உள்ளவர்களுக்கு ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியின் தகவல் அந்த ஹெலிகாப்டரிலிருந்து அன்று வரவில்லை. வந்திருந்தாலும் அதைத் திரையில் காட்டும் வசதி அந்த விமானத்தில் இல்லை. ஆக, மிகத் தேவைப்படும் உயரத்தில் மிகக் குறைவான கருவிகளே துணைக்கு இருந்தன.

2025 மார்ச்சில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பாதை 4-இன் அந்தப் பகுதியை, ஹெய்ன்ஸ் பாயின்ட்டிலிருந்து வில்சன் பாலம் வரை, நிரந்தரமாக மூடியது. நிலையத்தின் அருகே கண்ணால் பார்த்து விலகும் முறையையும் கட்டுப்படுத்தியது. மருத்துவ அவசரம், சட்டம் ஒழுங்கு போன்ற தவிர்க்க முடியாத காரணத்துக்காக ஹெலிகாப்டர் ஒன்று அந்த வழியே போக வேண்டியிருந்தால், அது கடந்து முடியும்வரை ஓடுபாதை 33-இல் யாரும் இறங்குவதில்லை. அதன் மறுமுனையான 15-ஐயும் பயன்படுத்துவதில்லை. அந்த நேரத்தில் 33-க்கு வரவிருந்த விமானம் பிரதான ஓடுபாதைக்கே தொடர்ந்து வரும், அல்லது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். அதற்கு ஆகும் செலவு சில நிமிட எரிபொருள்.